லினக்ஸில் இரண்டு மானிட்டர்: ராயபுரத்து மெய்ப்பு மேசை

ஸ்கேன் செய்த புத்தகப் பக்கம் ஒரு திரையில் முழுசாகத் தெரிய வேண்டும், அதைப் பார்த்துத் திருத்துகிற எழுத்து பக்கத்துத் திரையில் இருக்க வேண்டும். பெரியப்பா கேட்டது இவ்வளவுதான். மண்ணடியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கல்மண்டபத்துப் பக்கம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். அந்தத் தளத்தின் தொகுப்புப் பக்கத்திலேயே ஸ்கேனும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆனால் ஒரே திரையை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே சிறுத்துப்போகிறது.

"காப்பி ஒரு பக்கம், புரூஃப் ஒரு பக்கம் இருந்தாத்தாண்டா கண்ணு ஓடும். ரெண்டையும் ஒரே சட்டத்துல அடைச்சா எதைப் பாக்குறது?" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படத்தில் இருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் கொடுக்கும் தமிழில் 'ர' எங்கே, துணைக்கால் எங்கே என்பதே குழப்பம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகம் என்றால் பழைய 'லை', 'ளை', 'ணா', 'றா' எல்லாம் வரும். இயந்திரம் அங்கே எதையாவது போட்டு வைத்திருக்கும். மங்கிய தாளில் புள்ளி இருக்கிறதா, அழுக்கா என்று பார்க்க மூலப்பக்கம் பெரிதாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த வேலையை முடித்த பிறகு எனக்கு உறுதியான ஒரு விஷயம்: லினக்ஸில் இரண்டு மானிட்டர் என்றால் பலர் நேராகக் கட்டளைகளைத் தேடப் போகிறார்கள். வேலையில் முக்கால்வாசி மேசைக்குப் பின்னால் இருக்கிறது. கேபிள், அதன் முனையில் இருக்கும் பின், எர்த் மூன்றும் சரியாக இருந்தால் மென்பொருள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

எதை வைத்துக் கட்டினோம் என்று சொல்லிவிடுகிறேன். இன்டெல் நாலாம் தலைமுறை ஐ5 போட்ட, ஆபீஸ்களில் இருந்து கழித்து விற்கிற ரகத்து டெஸ்க்டாப் ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அந்தத் தலைமுறைச் சிப்பில் இருக்கும் கிராபிக்ஸே மூன்று திரை வரை ஓட்டும். அதனால் கார்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்களுடையதில் மானிட்டர் சொருக இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு விஜிஏ. கணினியில் லினக்ஸ் மிண்ட், சின்னமன் டெஸ்க்டாப். மானிட்டர்களில் ஒன்று 24 அங்குலம், 1920க்கு 1080. இன்னொன்று வீட்டில் சும்மா கிடந்த 20 அங்குலம், 1600க்கு 900.

இந்த ஜோடி பொருத்தமாக அமைந்ததற்கு ஒரு கணக்கு உண்டு. 1920ஐ 24ஆல் வகுத்தாலும் 1600ஐ 20ஆல் வகுத்தாலும் 80தான் வரும். இரண்டும் ஒரே 16:9 வடிவம். அதாவது இரண்டு திரையிலும் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. ஜன்னலை ஒரு திரையில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் எழுத்தின் அளவு மாறாது. பழைய மானிட்டர் ஒன்றைப் புதியதோடு சேர்க்கப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும். 4கே திரை ஒன்றும் சாதாரணத் திரை ஒன்றும் சேர்ந்தால், திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற பழைய எக்ஸ்11 அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனி அளவு வைப்பது பெரிய தலைவலி. அதற்குப் பதிலாக வந்த வேலாண்டில் அது எளிது. சின்னமனில் வேலாண்டு, மிண்ட் 21.3இல் சோதனை நிலையில்தான் நுழைந்தது. அதனால் நாங்கள் எக்ஸ்11இலேயே இருந்தோம்.

கேபிளைத் தொடுவதற்கு முன்னால் எர்த். வடசென்னையின் பழைய வீடுகளில் நிறைய இடங்களில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், அதில் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இங்கேயும் அப்படித்தான். கேபினட்டின் ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. கையை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம். கணினி கெட்டுப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபில்டருக்காக லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் பாடிக்குக் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பாடி 230 வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளுக்கு ஆபத்து பெரிதாக இருக்காது. ஆனால் இப்படி மிதக்கிற கேபினட்டில், பவர் இருக்கும்போதே மானிட்டர் கேபிளைச் சொருகினால், பின்கள் தொடும் அந்தக் கணத்தில் அந்த மின்னழுத்தம் சிக்னல் பின் வழியாகப் பாய இடம் உண்டு. ஹெச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது என்று ரிப்பேருக்கு வருகிற கேஸ்களில் இதுவும் ஒரு காரணம்.

தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு மெயின் போர்டில் இருந்து அந்த சாக்கெட்டுக்கு எர்த் கம்பி இழுத்தோம். டெஸ்டர் அணைந்தது. இரண்டு மானிட்டரும் சிபியூவும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து போகும்படி வைத்தோம். வேறு வேறு சாக்கெட்டில் இருந்தால் விஜிஏ படத்தில் மெல்லிய பட்டைகள் ஏறி இறங்கும் வாய்ப்பு உண்டு. எதைச் சொருகினாலும் பிடுங்கினாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் என்று பெரியப்பாவிடமும் சொல்லிவைத்தேன்.

24 அங்குலத்துக்கு டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து ஹெச்டிஎம்ஐ போகிற கேபிள். போர்ட்டின் மேல் டிபி எழுத்தோடு இரண்டு கூட்டல் குறி இருந்தால் சாதாரண மலிவுக் கேபிளே போதும். அந்த போர்ட் ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் தானே அனுப்பும். இப்படிச் சொருகியதை லினக்ஸ் 'ஹெச்டிஎம்ஐ-1' என்றே காட்டும், டிஸ்ப்ளேபோர்ட் என்று காட்டாது. திரைகளை அமைக்கும் எக்ஸ்ராண்டர் கட்டளையை வெறுமனே கொடுத்தால் வரும் பட்டியலில் போர்ட்களின் எண்ணிக்கையைவிட அதிகப் பெயர்கள் இருப்பதும் இதனால்தான். ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர். 'கனெக்டட்' என்று இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். இந்தத் திரை சொருகியதும் 1920க்கு 1080இல் வந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச வேறு எதுவும் இல்லை.

20 அங்குலம்தான் வேலை வைத்தது. அதற்கு விஜிஏ. படம் வந்தது, ஆனால் 1024க்கு 768இல், எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துக் கட்டியது போல. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அதற்கு மேல் தேர்வே இல்லை. "உன் லினக்ஸுக்கு இந்த மானிட்டர் பிடிக்கலையாடா?" என்று பெரியப்பா கேட்டார்.

1024க்கு 768 என்ற அந்த எண் ஒரு துப்பு. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்று ஒரு சின்னத் தகவல் தொகுப்பு இருக்கிறது. அது மானிட்டரின் ஜாதகம்: யார் தயாரித்தது, எத்தனை சென்டிமீட்டர், எந்த எந்தப் பரிமாணம் தாங்கும் எல்லாம் 128 பைட்டில் அடங்கும். திரை இணைந்திருக்கிறது என்று தெரிந்தும் அந்தத் தகவல் வந்து சேராவிட்டால், லினக்ஸ் கெர்னல் பாதுகாப்பாக 1024க்கு 768 வரைக்கும் உள்ள அளவுகளை மட்டும் கொடுக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஜாதகம் ஏன் வரவில்லை என்பது.

வந்ததா இல்லையா என்று பார்க்க எளிய வழி உண்டு. சிஸ் கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். விஜிஏ-1 என்று முடியும் கோப்புறைக்குள் 'ஈடிஐடி' என்ற கோப்பை எடுத்து டபிள்யூசி கட்டளையால் அதன் பைட்டை எண்ணச் சொன்னால் போதும். எல்எஸ் கட்டளை காட்டும் அளவை நம்ப வேண்டாம். எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐயில் 256 வந்தது, விஜிஏயில் பூஜ்யம். கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். விஜிஏ ப்ளக்கில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 பின். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி, பின்கள் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், கீழ்வரிசையில் இடமிருந்து இரண்டாவது 12, வலக்கோடியில் இருப்பது 15. ஜாதகம் போகிற வழி இந்த இரண்டும்தான்; 12 தகவலுக்கு, 15 தாளத்துக்கு. நடு வரிசையில் 9ஆம் பின் இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தால் பொதுவாக அதனால் தொந்தரவு இல்லை. இந்தக் கேபிளில் 12 இருந்த இடம் வெறும் குழி. 15ஆம் பின் இருந்தது, ஆனால் அதன் அடிப்பக்கத்தில் பச்சை பிடித்திருந்தது. கடற்கரைக்கு இவ்வளவு கிட்டத்தில், காசிமேட்டுக் காற்று நேராக வருகிற வீட்டில், திறந்து கிடக்கிற எந்தப் பித்தளை முனையும் இப்படித்தான் ஆகும். பூச்சு மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பின் இல்லாத கேபிளில் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை வந்தாலும் வழி இருக்கிறது. சிவிடி என்ற கட்டளையிடம் 1600, 900, 60 என்று கொடுத்தால் அந்தப் பரிமாணத்துக்கான நேரக் கணக்கை ஒரு வரியாகத் தரும், 118.25 மெகாஹெர்ட்ஸ் என்று அது தொடங்கும். அந்த வரியை எக்ஸ்ராண்டரின் 'நியூமோட்' தேர்வில் கொடுத்துப் புதிய அளவாகப் பதிய வேண்டும், பிறகு 'ஆட்மோட்' மூலம் விஜிஏ-1உடன் சேர்க்க வேண்டும், அதன்பின் வழக்கம்போல் தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்து பார்த்தேன், 1600க்கு 900 வந்தது. மானிட்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அது போதுமான சாட்சி. ஆனால் கணினியை மறுபடி போட்டால் இது போய்விடும். ஸ்கிரிப்ட் எழுதி ஓட்ட வேண்டும். கேபிளை மாற்றுவதே முறை.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். கடையில் விஜிஏ கேபிள் கேட்டால் முதலில் கையில் கிடைப்பதைத்தான் எடுத்துத் தருவார்கள். ப்ளக்கின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து பின்னை எண்ணிப் பார்க்கிறேன் என்றதும், "ஃபுல் பின்னா வேணும்? முன்னாடியே சொல்றதில்லையாண்ணா" என்று வேறு கட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தார். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ப்ளக்குக்குப் பக்கத்தில் ஃபெரைட் உருளை இருக்கிற, கொஞ்சம் தடியான கேபிளாகப் பார்த்து மூன்று மீட்டரில் வாங்கினேன். மானிட்டரை நிமிர்த்தி வைக்கப் போகிறோம் என்பதால் ஒன்றரை மீட்டர் எட்டாது. புதுக் கேபிள் போட்டதும் அந்தக் கோப்பில் 128 பைட், பட்டியலில் 1600க்கு 900. மானிட்டர் பக்கத்து சாக்கெட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்துக் காயவிட்டேன்.

விஜிஏ அனலாக் என்பதால் இன்னொரு சின்ன வேலை உண்டு. மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் அது படத்தின் ஓரங்களைத் தேடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கறுப்பு டெஸ்க்டாப்பில் அழுத்தினால் ஓரம் எங்கே என்று அதற்குத் தெரியாது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க விரித்துவிட்டு அழுத்தினால் எழுத்து கூர்மையாக நிற்கும்.

இப்போது நிமிர்த்துவது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. டெம்மி 1/8 அளவுப் புத்தகப் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 21.6 உயரம். 20 அங்குலத் திரை படுத்திருக்கும்போது உயரம் 25 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் மேல்பட்டை, மெனு எல்லாம் போக, முழுப்பக்கத்தையும் காட்டினால் அச்சில் இருக்கும் அளவே மிஞ்சும். அதே திரையை நிமிர்த்தினால் அகலம் 25, உயரம் 44. பக்கம் அகலத்துக்கு விரிந்தாலும் உயரம் 38தான் ஆகும். முழுப்பக்கமும் அசலைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாக, உருட்டாமலே கண்ணெதிரே நிற்கிறது. எக்ஸ்ரீடரில் பிடிஎஃப்பைத் திறந்து, பக்க அகலத்துக்குப் பொருத்து என்று ஒருமுறை வைத்துவிட்டால் போதும்.

அதன் ஸ்டாண்டு சுழலாது. பின்னால் ஆர்ம் மாட்டுவதற்கான 100க்கு 100 மில்லிமீட்டர் வீசா துளைகள் இருந்ததால் மேசை விளிம்பில் கவ்வுகிற ஆர்ம் ஒன்றை வாங்கி எம்4 ஸ்க்ரூவில் மாட்டினோம். சுவரில் அடிக்கிற மாதிரி ஆர்மும் கிடைக்கும். உப்புக் காற்றில் பூச்சு பொரிந்த சுவரை நம்பி மானிட்டரைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பக்கம் சுழற்றுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இது டிஎன் என்ற ரகப் பேனல். அதைக் கீழிருந்து பார்த்தால் நிறம் கறுத்துத் தலைகீழாகும்; மேலிருந்து பார்த்தால் வெளுக்கும், ஆனால் படிக்கலாம். பெரியப்பாவுக்கு இந்தத் திரை இடப்பக்கம் நிற்கப் போகிறது, அவர் அதை வலப்புறத்தில் இருந்து பார்ப்பார். ஆகவே மானிட்டரின் மேல்விளிம்பு வலப்பக்கம் வரும்படி, கடிகார திசையில் சுழற்றினோம். மானிட்டரைக் கடிகார திசையில் திருப்பினால் படம் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். எக்ஸ்ராண்டரில் அதற்குப் பெயர் 'லெஃப்ட்'. ஆர்மை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்ததும் பழுப்புத் தாளின் நிறம் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்தது.

இடம் பொருத்துவது: நிமிர்ந்த திரை 900க்கு 1600, மூலையில் பூஜ்யம், பூஜ்யம். பெரிய திரை அதன் வலப்பக்கம், நடுவில் வர வேண்டும். 1600இல் 1080 போக மிச்சம் 520, அதில் பாதி 260. எனவே பெரிய திரையின் இடம் 900, 260. எக்ஸ்ராண்டரில் 'பாஸ்' என்று கொடுப்பது இந்த இரண்டு எண்களைத்தான். சின்னமனின் டிஸ்ப்ளே பக்கத்தில் பெட்டிகளை இழுத்தும் செய்யலாம். புள்ளி அடர்த்தி ஒன்றாக இருப்பதால் 260 புள்ளி என்பது மேசையில் சுமார் 7.2 சென்டிமீட்டர். ஸ்கேலை வைத்து, நிமிர்ந்த திரையின் மேல்விளிம்பு மற்றதைவிட அவ்வளவு உயரத்தில் நிற்கும்படி ஆர்மை ஏற்றினேன். மவுஸ் ஒரு திரையில் இருந்து மற்றதுக்குப் போகும்போது கோடு போட்டது போல நேராகப் போகிறது. இந்த அளவு பார்க்காமல் விட்டால் அம்புக்குறி ஓரத்தில் முட்டி நிற்கும், அல்லது குதித்துப் போகும். நாள் முழுக்க வரிவரியாகப் படிக்கிறவருக்கு அது பெரிய எரிச்சல். பெரிய திரையைப் 'பிரைமரி' ஆக்கினால் பேனலும் மெனுவும் அங்கே வரும். சூப்பர், ஷிஃப்ட் இரண்டோடு அம்பு விசையை அழுத்தினால் ஜன்னல் அடுத்த திரைக்குத் தாவும். பெரியப்பா அதை உடனே பிடித்துக்கொண்டார்.

டிஸ்ப்ளே பக்கத்தில் வைத்த அமைப்பு பயனரின் கான்ஃபிக் கோப்புறையில் சின்னமன்-மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் சேமிக்கப்படும். அது உள்நுழைந்த பிறகுதான் பொருந்தும். லாகின் திரை மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்தே நின்றது. அதற்கு, மேற்சொன்ன எக்ஸ்ராண்டர் வரியை ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதி, இயக்கும் அனுமதி கொடுத்து, லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம் நிரலின் கான்ஃபிக்கில் 'டிஸ்ப்ளே-செட்டப்-ஸ்கிரிப்ட்' என்ற வரியில் அதன் முழுப் பாதையைக் கொடுத்தேன். அதோடு சரியானது.

எழுத்துருப் பக்கம் ஒரு திருத்தம். திரை எழுத்தைக் கூர்மையாக்கும் 'ஆர்ஜிபி' முறை, புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் கிடைமட்டமாக வரிசையாக இருப்பதாக எண்ணி வேலை செய்கிறது. நிமிர்த்திய திரையில் அவை மேலும் கீழுமாக நிற்கும். 'ணை', 'ஞ' போன்ற வளைவுகளின் ஓரத்தில் நிறக் கசிவு தெரியும். ஸ்கேன் படத்துக்கு இது பொருட்டில்லை. ஆனால் சில சமயம் அகராதியை அந்தத் திரையில் திறப்பார் என்பதால் எழுத்துரு அமைப்பில் 'கிரேஸ்கேல்' ஆக்கிவிட்டேன். தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் என்ற நிரல் வழியாக. அது ஏற்கனவே பழகியதுதான்.

கடைசியாக வெளிச்சம். இரண்டு மானிட்டரின் வெளிச்சமும் வேறாக இருந்ததில் கண் மாறி மாறிப் போகும்போது கூசுகிறது என்றார். பொத்தான்களோடு மல்லாட வேண்டாம் என்று கணினியில் இருந்தே மானிட்டரை மாற்றும் டிடிசியூட்டில் என்ற நிரலை நிறுவி, மானிட்டரோடு பேச அனுமதி உள்ள ஐ2சி குழுவில் அவர் பயனர் பெயரைச் சேர்த்தேன். வெளிச்சத்தின் குறியீட்டு எண் 10. அதற்கு எவ்வளவு என்று கொடுத்தால் மானிட்டரே மாற்றிக்கொள்ளும். விஜிஏயில் இந்தச் செய்தி போவதும் அதே 12, 15 பின்களில்தான், பழைய கேபிளில் இதுவும் நடந்திருக்காது. 24 அங்குலத்துக்கு 45, 20 அங்குலத்துக்கு 70 என்று வைத்தபோது இரண்டிலும் தாள் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கட்டளையை ஒரு விசையில் வைத்தேன்; இரவுக்கு இரண்டையும் பாதியாக்கி இன்னொரு விசை. பகலுக்கு எஃப்9, ராத்திரிக்கு எஃப்10.